வாய் மட்டத்தில்

பதினேழு வருசமாக இந்தத் தோட்டத்தை
நின்றபடிதான் பார்த்திருக்கிறேன்.
களை பிடுங்கும்போதும் முதுகுதான் வளையும்,
கண் மேலேயே இருக்கும், பூவோடு.
இன்று விடிந்ததும்
ஈரப் புல்லில் கன்னம் வைத்துப் படுத்து
நாலு விரல் உயரத்தில் அதைப் பார்த்தேன்.
சமையல்கார ஜெபமாலை ஜன்னலைத் திறந்து
"என்னாச்சு பவளம், விழுந்திட்டியா?" என்றாள்.

அப்புத்தளை மூடுபனிக்கு நேரம் தெரியும்.
பதினொரு மணிக்குத் தெற்குச் சரிவில் ஏறி வந்து
முதலில் விடுதியின் பெயர்ப்பலகையைத் தின்னும்,
பிறகு வேலியை, பிறகு என்னை.
அதற்குள் கூட்டை நகர்த்திவிட வேண்டும்.
அடிப்பலகை இல்லாத கூடு, நாலு பக்கமும் கம்பிவலை.
உள்ளே இரண்டு கினிப் பன்றிகள்: பட்டன், மேஜர்.
பிஸ்கட் என்று இன்னொன்று இருந்தது.

பன்றியா எலியா என்று கேட்கும்
கொழும்புப் பிள்ளைகளிடம்
வாய் என்பேன். கால் முளைத்த வாய்.
ஜயவீர சேர் கலியாண ஜோடிகளை நிறுத்திப் படம் எடுக்கும்
நீல ஹைட்ரேஞ்சியா அதற்கு ஒரு கீரை.
அசேலியா ஒரு கீரை.
வாசலில் மணிமணியாய்த் தொங்கும் வெள்ளை ஊமத்தை
காற்றில் உதிர்ந்து புல்லுக்கு வந்தால்
அதுவும் கீரை.
பின்வேலிக்கு அப்பால் ரத்நாயக்கவின் உருளைக்கிழங்குத் தழை
வலைக்குள் கை நீட்டும், சொந்தக்காரன் மாதிரி.

பண்டாரவளை மிருக டொக்டர்
சிங்களம் கலந்த தமிழில் போனில் சொன்னார்:
"நாய் கக்கும். பூனை கக்கும்.
இதுக்கு வாந்தி வராது அம்மே.
உள்ள போனா போனதுதான்."
அதை நான் கேட்டது ஆவணியில்.
பிஸ்கட் செத்தது ஆடியில்.

வடிகால் ஓரத்து வெள்ளை லில்லி
நான் நட்டது.
லிந்துலையில் தங்கச்சி லயத்துப் பீலிக்கரையில் தோண்டி
ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்து
இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்த கிழங்கு.
அன்று கூட்டை ஒரு முழம் கூடுதலாய் நகர்த்தினேன்.
வெயில் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.
மாலையில் ஓர் இலையின் விளிம்பு
சின்னச் சின்னப் படிக்கட்டாய் இருந்தது.
மூன்று நாள் அது எதையும் தொடவில்லை.
கரட் இலையை மூக்கருகே பிடித்தேன்,
வீங்கிய வாயைத் திருப்பிக்கொண்டது.

எதனால், என்று சேரின் மகன் நெத்மின அழுதான்.
பனி, என்றேன்.
பனி யாரையும் எதிர்த்துப் பேசாது.

ராவோடு ராவாக லில்லியைத் தோண்டி எறிந்தேன்.
சேர் கேட்டபோது, முள்ளம்பன்றி.
இன்னொரு பன்றி, இன்னொரு பொய்.

இப்போது கூட்டுக்கும் செடிகளுக்கும் நடுவில்
மூன்று எட்டு வெறும் புல்.
அசேலியா கவ்வாத்து வெட்டிய கத்தி வேறு,
புல் அறுக்கும் கத்தி வேறு.
வாளியில் வல்லாரை, கரட் இலை, ஒரு கை அறுகு.
இன்று படுத்தபோதுதான் கண்டேன்:
துடைத்து வைத்த அந்த மூன்று எட்டில்
இரண்டே இலையோடு ஒரு நாயுண்ணி.
யாரும் நடவில்லை.
ஏதோ ஒரு கொண்டைக்குருவி பழம் தின்று
போகிற போக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
நகத்தால் கிள்ளினேன். இன்னும் விரலில் மணக்கிறது.
ஆகாயத்துக்கு எத்தனை முழம் வலை வாங்க?

மார்கழி லீவுக்கு நெத்மின வந்திருக்கிறான்,
ஒரு சாண் வளர்ந்து.
கூட்டருகே குந்தி மேஜரின் கறுப்புக் காதைத் தடவியபடி
"பவளம் அக்கே, பிஸ்கட்டுக்கு அவ்வளவு குளிரா?"

தொண்டை வரை வந்தது.

மேஜர் வாளியைப் பார்த்து வீக் வீக்கென்று கத்தியது.
பெயர்ப்பலகையில் பாதியைக் காணோம்.
"அந்தப் பக்கம் பிடி," என்றேன்.
இருவருமாகக் கூட்டைத் தூக்கினோம்,
வாய்கள் இரண்டும் புல்லிலிருந்து நிமிராமலே
எங்களோடு நடந்தன.